கணக்காளரின் இணையத்தளம் யாருக்காக?

2024 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எமது சங்கத்தின் காரியாலயத்துக்கு வந்த பெண்களில் அநேகர் கையில் அடையாள அட்டையோடுதான் வந்தார்கள். பதினெட்டு வயது பூர்த்தியான எல்லோரும் உள்நாட்டிறைவரித் திணைக்களத்தில் பதிந்து, ‘டின்’ எனப்படும் வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தைப் பெற வேண்டும் என்று அறிவிக்கப்பட்டிருந்த காலம் அது. “எந்த டின் மக? பிஸ்கட் டின்னா?” என்று ஒரு மூதாட்டி கேட்க, எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் மிஞ்சியது பயம்தான். இலக்கம் எடுத்தால் வரி கட்ட வேண்டுமா? வீட்டிலே இடியப்பம் அவித்து விற்பவளும் கணக்குக் காட்ட வேண்டுமா? யாரிடம் போய்க் கேட்பது?

அந்தக் கூட்டத்தில் ஒரு சகோதரி இருந்தார். கணவரின் மறைவுக்குப் பின் வீட்டிலேயே சிற்றுண்டி செய்து மாவனல்லைக் கடைகளுக்குக் கொடுத்து வருபவர். நான்கு பெண் பிள்ளைகள் அவரிடம் வேலை செய்கிறார்கள். பெரிய போறணை ஒன்று வாங்க வங்கியில் கடன் கேட்டிருந்தார். வங்கியோ, தகுதியான ஒருவர் தயாரித்த கணக்கறிக்கை வேண்டும் என்றது. அவரது மகள் கையடக்கத் தொலைபேசியில் தேடி, கணக்காளர் நிறுவனங்கள் சிலவற்றின் இணையத்தளங்களைத் திறந்து காட்டினாள். எல்லாவற்றிலும் கண்ணாடிக் கட்டடங்களின் படங்கள், கை குலுக்கும் கோட் போட்ட ஆண்கள், முழுவதும் ஆங்கிலம். கட்டணம் எவ்வளவு என்று எங்கும் இல்லை. ஒன்றில் மாத்திரம் இருந்த படிவத்தை மகள் நிரப்பி அனுப்பினாள். மூன்று வாரமாகியும் பதில் வரவில்லை. வங்கி கொடுத்த தவணையும் முடிந்துவிட்டது.

“அது எங்களப் போல ஆக்களுக்கில்ல தங்கச்சி, பெரிய கொம்பனிகளுக்கு” என்றார் அவர், பெரிதாகக் கவலைப்படாதவர் போல.

இந்தச் சம்பவத்தை நான் மறக்காமலிருப்பதற்குக் காரணம், அதே நகரில், அவருடைய வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், கணக்கு வேலை தெரிந்த இன்னொரு சகோதரி வேலையின்றி இருந்ததுதான். ஏ.ஏ.டி. பரீட்சைகளை முடித்து, கண்டியிலே ஒரு நிறுவனத்தில் ஆறு வருடம் வேலை செய்து, பிள்ளை பிறந்த பின் வீட்டோடு இருந்துவிட்டவர். முன்னறையில் ஒரு கணினியை வைத்துக்கொண்டு உறவினர் இருவரின் கடைக்கணக்கைப் பார்த்து வந்தார். பெயர்ப்பலகை கூட இல்லை. வேலை தேவைப்பட்ட பெண்ணுக்கும் வேலை தெரிந்த பெண்ணுக்கும் இடையே ஒருவரையொருவர் அறியும் வழி மட்டும்தான் இல்லாதிருந்தது.

பேராதனையில் சமூகவியல் கற்ற நான் கணக்கியலும் அறியேன், கணினி நிபுணியுமல்ல. ஆனாலும் அந்தச் சகோதரிக்கு ஓர் இணையத்தளம் அமைக்க உதவிய ஆறு மாதங்களில் நான் கற்றுக்கொண்டவற்றை, சொந்தத் தொழில் செய்ய எண்ணும் சகோதரிகளுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

தளத்தை வடிவமைக்க வந்த இளைஞர், “என்ன நிறம் வேண்டும், எத்தனை படம் வேண்டும்?” என்று கேட்டார். நாங்கள் அதை ஒத்திவைத்து, “இந்தத் தளத்தைத் திறக்கப் போவது யார்?” என்று கேட்டுக்கொண்டோம். கணக்காளரைத் தேடி வருபவர் பொதுவாக மகிழ்ச்சியோடு வருவதில்லை. திணைக்களத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கும், அல்லது வங்கி எதையோ கேட்டிருக்கும். பற்றுச்சீட்டுகளெல்லாம் ஒரு சிலுசிலுப் பையில் கிடக்கும். தன் அறியாமையைப் பார்த்து ஏசுவார்களோ என்ற வெட்கமும் இருக்கும்.

ஆகவே அவரது மனதிலே என்னென்ன கேள்விகள் இருக்கும் என்று காரியாலயத்துக்கு வந்த பெண்களிடமே கேட்டு எழுதினோம். ஐந்து கேள்விகள் திரும்பத் திரும்ப வந்தன. எனது வேலையை இவர் செய்வாரா? எங்கே இருக்கிறார்? எவ்வளவு எடுப்பார்? நான் எதைக் கொண்டு போக வேண்டும்? எனது விஷயத்தை வெளியில் சொல்வாரா? ஒரு கணக்காளரின் இணையத்தளம் பயனுள்ளதா இல்லையா என்பதை அளக்க இந்த ஐந்தும் போதும். “நாம் சிறந்த சேவையை வழங்குகிறோம்” என்ற வசனம் இவற்றில் ஒன்றுக்கும் பதிலாகாது.

முகப்புப் பக்கம்

எமது பகுதியில் பெரும்பாலானோர் இணையத்தைப் பார்ப்பது தொலைபேசியில்தான், அதுவும் கணக்குப் பார்த்து வாங்கிய டேட்டாவில். பெரிய படங்கள் இறங்கி முடியுமுன் ஆள் போய்விடுவார். எனவே முகப்பில் படமே போடவில்லை. பெயர், தகைமை, செய்யும் வேலை, ஊர், தொலைபேசி இலக்கம், அழைக்கக்கூடிய நேரம் ஆகியன மட்டும் ஒரே பார்வையில் தெரிந்தன. இலக்கத்தைத் தொட்டவுடன் அழைப்புச் செல்லும்.

மொழியைப் பற்றி அதிகம் பேசினோம். மாவனல்லையில் தமிழும் சிங்களமும் ஒரே கடைத்தெருவில் புழங்குகின்றன. வங்கியும் கொழும்புக் காரியாலயங்களும் ஆங்கிலம் கேட்கின்றன. ஆகவே மூன்று மொழியிலும் எழுதினோம். ஆங்கிலத்தை அப்படியே மொழிபெயர்க்காமல், பெண்கள் வாயால் சொன்ன விதமாகவே தமிழ்ப் பக்கத்தை அமைத்தோம். ‘நிதிசார் கூற்றுத் தயாரிப்புச் சேவை’ என்பதை அழித்துவிட்டு, ‘வங்கிக் கடனுக்குக் கணக்கறிக்கை தயாரித்தல்’ என்று போட்டோம். அந்தச் சிற்றுண்டிச் சகோதரி தேடியது இரண்டாவதைத்தான்.

இன்னொரு விடயம். எழுத்துகளைப் படமாகச் செய்து ஒட்டுவது பலரது வழக்கம். பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுதளங்கள் எழுத்தைப் போல எளிதில் வாசித்துக்கொள்வதில்லை. யுனிகோட் எழுத்தில் தட்டச்சுச் செய்தால் தேடுபவருக்கு அகப்படும், பார்வை குறைந்தவருக்குத் தொலைபேசி வாசித்தும் காட்டும். மாவனல்லை, ஹெம்மாத்தகம, அரநாயக்க, ரம்புக்கன என்று ஊர்ப் பெயர்களையும் எழுத்திலே சேர்த்தோம். கூகுள் வரைபடத்திலும் இடத்தைப் பதிந்தோம்.

பெயர் யாருடையது?

தளத்தின் முகவரியைப் பதியும்போது கவனம் வேண்டும். எமது சங்கத்துக்கு முன்னர் ஒரு தளம் இருந்தது. அதை அமைத்தவர் எல்லாவற்றையும் தனது பெயரிலே பதிந்துவிட்டு வெளிநாடு சென்றார். கடவுச்சொல்லும் அவரோடு போயிற்று. வருடாந்தக் கட்டணம் கட்டப்படாமல் ஒரு நாள் தளமே இல்லாமற்போனது.

அந்தப் பாடத்தால், முகவரியைச் சகோதரியின் பெயரிலேயே, அவரது மின்னஞ்சலிலேயே பதியச் செய்தேன். இலங்கைக்குரிய ‘டொட் எல்கே’ முகவரியை எடுத்தோம். 2010 ஆம் ஆண்டிலிருந்து ‘டொட் இலங்கை’ என்று தமிழிலேயே முடியும் முகவரிகளும் எமது நாட்டுக்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. கடவுச்சொற்களை ஒரு கொப்பியில் எழுதி அலுமாரியில் பூட்டினோம். ஓர் ஆணின் உதவியை நாடலாம், தவறில்லை. ஆனால் சாவி தொழில் செய்பவளின் கையில் இருக்க வேண்டும்.

கட்டணத்தை எழுதலாமா?

“கட்டணத்தைப் போட்டால் ஆட்கள் பேரம் பேசுவாங்க ராத்தா” என்று சகோதரி தயங்கினார். ஒவ்வொருவரின் வேலையும் வேறு என்பது உண்மைதான். ஆனால் கட்டணம் தெரியாததாலேயே எமது பெண்கள் கதவைத் தட்டுவதில்லை. முடிவில், பற்றுச்சீட்டுகளை ஒழுங்குபடுத்தல், மாதக்கணக்கு எழுதல், வருட முடிவுக் கணக்கு என்று வேலைகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ‘இவ்வளவிலிருந்து ஆரம்பம்’ என்று எழுதினோம். முதற் சந்திப்புக்குக் கட்டணமில்லை என்பதையும், வேலை தொடங்குமுன் மொத்தத் தொகை எழுத்தில் தரப்படும் என்பதையும் சேர்த்தோம். பேரம் பேச வந்தவர்கள் சிலர் உண்டு. ஆனால், விலை தெரிந்ததனால் துணிந்து வந்தோம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள்.

கொண்டுவர வேண்டியவை

தளத்தில் மிகவும் பயன்பட்ட பக்கம் இதுதான். அடையாள அட்டை, டின் இலக்கம், வியாபாரப் பெயர்ப் பதிவுப் பத்திரம், வங்கிக் கூற்றுகள், வாங்கியதற்கும் விற்றதற்குமான சீட்டுகள், மின்சாரக் கட்டணச் சீட்டு, சம்பளம் கொடுத்த விபரம் என்று ஒவ்வொன்றையும் எளிய தமிழில் பட்டியலிட்டோம். கீழே, “இவற்றில் சில இல்லாவிட்டாலும் வாருங்கள். இருப்பதிலிருந்து தொடங்குவோம்” என்று ஒரு வரி சேர்த்தோம். 2016 மே மாதத்தில் அரநாயக்கவில் மலை சரிந்து எமது மாவட்டமே துயரத்தில் மூழ்கிய போது, உயிர்களோடு வீடுகளும் வீடுகளிலிருந்த பத்திரங்களும் மண்ணுக்குள் போனதை நாம் கண்டோம். சீட்டு இல்லாதவர் எல்லோரும் கவலையீனமானவர் அல்லர்.

அதே பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கும் பதில் எழுதினோம். டின் இலக்கம் எடுத்தால் வரி கட்ட வேண்டுமா? இலக்கம் எடுத்ததால் மட்டும் வரி வராது. 2025 ஏப்ரல் 1 இல் தொடங்கிய மதிப்பாண்டிலிருந்து தனிநபருக்கான வருடாந்த விடுதலைத் தொகை 12 இலட்சத்திலிருந்து 18 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஒருவரை மட்டும் வேலைக்கு வைத்திருந்தாலும் ஊழியர் சேமலாப நிதி கட்ட வேண்டுமா? ஆம். ஊழியரின் சம்பளத்தில் 8 சதவீதம், முதலாளி தன் பங்காக 12 சதவீதம், அத்தோடு ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 சதவீதம். சிற்றுண்டிச் சகோதரி இதை வாசித்துவிட்டு, “அந்தப் புள்ளைகளுக்கு நான் ஒண்டும் கட்டல்லயே” என்று தலையில் கை வைத்தார். தளம் அமைத்ததன் பயன் அந்த நான்கு பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்ந்தது என்று நான் நினைக்கிறேன்.

சொல்லக்கூடியதும் சொல்லக்கூடாததும்

கணக்காளர் தொழிலில் விளம்பரத்துக்கு எல்லை உண்டு. தகைமையையோ அனுபவத்தையோ மிகைப்படுத்திச் சொல்லக்கூடாது, பிறரது வேலையைத் தாழ்த்திப் பேசக்கூடாது என்பது தொழில்சார் கணக்காளர்களுக்கான சர்வதேச ஒழுக்கக் கோவையின் விதி. இந்தியாவில் 1949 ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டம், தொழிலைத் தேடி விளம்பரம் செய்வதையே தடுத்திருந்தது. 2001 இல் அங்குள்ள பட்டயக் கணக்காளர் நிறுவனம் இணையத்தளங்களை அனுமதித்தபோதும், தேடி வருபவர் பார்க்கும்படியாகத் தளம் இருக்கலாமே தவிர, தகவலை ஆட்களிடம் வலிந்து தள்ளக்கூடாது என்று நிபந்தனை வைத்தது. கடைக்காரரின் கூவலும் கணக்காளரின் அறிமுகமும் ஒன்றல்ல என்பதே இதன் சாரம்.

எமது சகோதரியின் தளத்தில் ‘நான் செய்யாத வேலைகள்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. கம்பனிகளின் கணக்காய்வாளராக இருப்பவருக்கு 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் தனியான தகைமையை விதிக்கிறது. அவருக்கு அது இல்லை. ஆகவே கம்பனிக் கணக்காய்வு செய்வதில்லை என்றும், தேவைப்படுவோர் பட்டயக் கணக்காளரை நாட வேண்டும் என்றும் தெளிவாக எழுதினார். “இப்படிப் போட்டால் உன்னை மதிப்பாங்களா?” என்று வீட்டார் கேட்டார்கள். இல்லாததை இல்லை என்று சொல்பவரிடம் இருப்பதை நம்பிக் கொடுக்கலாம் என்றுதான் வந்தவர்கள் சொன்னார்கள்.

சிறிய ஊரில் இரகசியம்

வடிவமைப்பாளர், “வாடிக்கையாளர்களின் பாராட்டை அவர்களது பெயரோடும் படத்தோடும் போடுங்கள். எல்லோரும் செய்வதுதான்” என்றார். கொழும்பில் அது பொருந்தலாம். மாவனல்லையில் ஒரு பெண் கணக்காளரிடம் போகிறாள் என்றாலே, “அவளுக்கு அவ்வளவு வருமானமா?” என்று சந்தியில் கதை வரும். கடன் கேட்டு உறவினர் வருவர். சீதனம் பேசுபவர்கள் கூட அதை விசாரிப்பர். ஆகவே பாராட்டுரைகளை வேண்டாம் என்றோம். ஆட்கள் இல்லாத தளம் போல இருக்கிறது என்று அவருக்குக் குறைதான்.

தொடர்புப் படிவத்திலும் பெயர், தொலைபேசி இலக்கம், அழைக்க வசதியான நேரம் என்ற மூன்றை மட்டுமே கேட்டோம். அடையாள அட்டை இலக்கம், வருமானம் போன்றவற்றை அங்கே எழுத வேண்டாம் என்று குறிப்பும் போட்டோம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படைகளில் ஒன்று, தேவைக்கு மேல் தரவைத் திரட்டக்கூடாது என்பது. கணவனின் தொலைபேசியிலிருந்து அனுப்பும் பெண்களும் இருப்பதால், திருப்பி அழைக்கும்போது என்ன விடயம் என்று வேறு எவரிடமும் சொல்வதில்லை என்றும் எழுதினோம். பலர் எம்மிடம் எடுத்துச் சொன்ன வரி அதுதான்.

அவளது பெயர்

எல்லாவற்றையும் விடக் கடினமாக இருந்தது ஒரு பெயரைப் போடுவது. “பொம்பளப் புள்ளட பேரை இன்டர்நெட்டில போடுறதா? மாப்பிள்ளைட பேரைப் போடுங்க” என்றார் மாமியார். அவர் கெட்டவரல்லர். மருமகளுக்குத் தொல்லை வருமோ என்ற அச்சம்தான். அந்த அச்சத்தில் நியாயமும் உண்டு. ஆனால் பரீட்சை எழுதியது மருமகள், கணக்குக்குப் பொறுப்புச் சொல்ல வேண்டியதும் மருமகள்.

அன்று நான் ஆர். சிவபோகத்தின் கதையைச் சொன்னேன். சென்னையைச் சேர்ந்த அவர் இந்தியாவின் முதல் பெண் கணக்காளர். சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். 1933 இல் கணக்கியல் பரீட்சையில் தேறினார். சிறை சென்றவர் கணக்காளராகப் பதிய முடியாது என்ற தடை குறுக்கே நின்றது. அதை எதிர்த்து வழக்காடி வென்று, 1937 இல் தன் பெயரிலேயே தொழிலைத் தொடங்கினார். பிற்காலத்தில், 1955 முதல் 1958 வரை, பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் தென்னிந்தியப் பிராந்திய சபைக்கே தலைமை தாங்கினார். மாமியார் முழுவதையும் கேட்டுவிட்டு, “படத்தப் போட வேணாம். பேரு ஈக்கட்டும்” என்றார்.

அப்படியே செய்தோம். முழுப் பெயரும் தகைமையும் உண்டு, படம் இல்லை. தொழிலுக்கென்று தனியான தொலைபேசி இலக்கம் எடுத்தோம். காலை ஒன்பது முதல் நான்கு வரை என்று நேரம் குறித்தோம். வீட்டு முகவரிக்குப் பதிலாக வீதியின் பெயரை மட்டும் போட்டு, நேரம் குறித்த பின் வீட்டு இலக்கத்தைச் சொல்வதாக ஒழுங்கு செய்தோம்.

தளம் ஒரு வீட்டுத் தோட்டம்

நட்டுவிட்டு மறந்தால் புல் மூடிவிடும். வருமானவரித் தவணைகள் ஆகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே ஆகிய மாதங்களின் 15 ஆம் திகதிகளில் வருகின்றன. வருடாந்த விபரத்திரட்டு நவம்பர் 30 க்கு முன் ஒப்படைக்கப்பட வேண்டும். இத்திகதிகள் தளத்தில் உள்ளன. எமது நாட்டில் அண்மைய வருடங்களில் வரி விதிகள் எத்தனை முறை மாறின என்பதை நீங்கள் அறிவீர்கள். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமானது. பழைய வீதத்தைக் காட்டிக்கொண்டிருக்கும் கணக்காளரின் தளம், தளமே இல்லாததை விட மோசம். ஆகவே மாதத்தில் முதல் வெள்ளி தளத்தைச் சரிபார்ப்பது என்று சகோதரி முடிவு செய்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கடைசியாகத் திருத்திய திகதி இருக்கும்.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையை அவர் பெரிதாகப் பார்ப்பதில்லை. அழைப்பவர்கள் என்ன கேட்கிறார்கள் என்றே ஒரு கொப்பியில் குறிக்கிறார். ஒரே கேள்வி மூன்று முறை வந்தால் அதற்குரிய பதில் தளத்தில் இல்லை என்று பொருள். உடனே எழுதிச் சேர்த்துவிடுவார். இறப்பர்த் தோட்டத்திலிருந்து ஒரு தாய், ஓய்வுபெற்ற தன் சேமலாப நிதிப் பணத்தைப் பற்றிக் கேட்டு அழைத்தார். அது கணக்காளரின் வேலையல்ல. ஆனாலும் தொழில் காரியாலயத்துக்குப் போக வேண்டும் என்ற விபரம் இப்போது அங்கே இருக்கிறது.

சிற்றுண்டிச் சகோதரிக்குப் போறணை இன்னும் கிடைக்கவில்லை. அவருக்கு ஒரு வருடக் கணக்கறிக்கைதான் தயாராகியிருக்கிறது, வங்கி இன்னும் ஒரு வருடத்தைக் கேட்கிறது. ஆனால் பணம் எங்கே போகிறது என்று இப்போது அவருக்குத் தெரியும். கடனுக்குக் கொடுத்து வராமற்போன தொகையைக் கண்டு, இரண்டு கடைகளுக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டார். நான்கு பிள்ளைகளுக்கும் சேமலாப நிதி கட்டத் தொடங்கியிருக்கிறார். போன மாதம் அவரது வீட்டுக்குப் போயிருந்தேன். சமையலறை ராக்கையில் மூன்று பிஸ்கட் டின்கள் வரிசையாக இருந்தன. வாங்கிய சீட்டு, விற்ற சீட்டு, சம்பளம் என்று மகள் எழுதி ஒட்டியிருந்தாள்.

சகோதரிகளே, எமது ஊர்களில் கற்ற பெண்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களது கல்வி முன்னறைகளில் அடைபட்டுக் கிடக்கிறது. உங்களில் கணக்கோ, சட்டமோ, தையலோ, கற்பித்தலோ தெரிந்தவர் இருந்தால், பக்கத்துத் தெருவில் உங்களைத் தேடிக் களைத்துப்போன ஒருத்தி இருக்கக்கூடும். தளம் அமைக்கும் நாளில் அவளை அருகில் உட்கார வைத்து, அவளுக்கு விளங்குகிறதா என்று கேட்டு எழுதுங்கள்.